கூரையின் விலை

பெற்றோர் வீட்டில் வளரும் பெண்ணுக்கு 18 வயது நிறையும்போது ஓட்டுரிமை வருகிறது. அரசின் பராமரிப்பில் வளரும் பெண்ணுக்கு அதே வயதில் வீடு போகிறது. அவள் எங்கே தூங்குகிறாள், சாப்பிட்டாளா, பள்ளிக்கூடம் போனாளா என்று நேற்றுவரை பதிவேட்டில் எழுதி வந்தவர்கள் இன்று அவளுடைய கோப்பை மூடிவிடுகிறார்கள். அதன்பின் அவள் எங்கே போகிறாள்?

அநாதை இல்லங்களைக் கட்டியவர்களுக்குச் சிலைகள் உண்டு. அந்த இல்லங்களை விட்டு வெளியே வந்த பெண்கள் அன்றிரவு எங்கே படுத்தார்கள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்ட சிலரில் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். அந்தக் கேள்வியின் வரலாற்றை இங்கிலாந்தை முன்வைத்துப் பார்ப்போம். குழந்தைப் பராமரிப்புக்கு அங்கே நீண்ட சட்ட வரலாறு இருக்கிறது. நம்முடைய சட்டங்கள் சிலவற்றுக்கும் அதுவே முன்மாதிரி.

முதலில் ஒரு விளக்கம். பெற்றவர்களால் வளர்க்க முடியாத குழந்தையின் பொறுப்பை அரசு ஏற்று, இன்னொரு குடும்பத்திடம் உதவித்தொகை கொடுத்து வளர்க்கச் சொல்வது வளர்ப்புப் பராமரிப்பு. இதுவும் தத்தெடுப்பும் ஒன்றல்ல. தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கு அந்த வீடு கடைசிவரை சொந்தம். வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வீட்டில் ஒரு கடைசித் தேதி உண்டு. இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

அந்தக் கடைசித் தேதிக்குப் பிறகு பெண்ணுக்குக் கிடைத்த கூரை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருந்தது. உழைப்பு, நாடு, பிள்ளை என்று காலத்துக்குக் காலம் விலை மாறியது. விலை இல்லாத கூரையைக் கேட்கவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

வேலைக்காரியின் படுக்கை

1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்து முழுவதும் வேலைவிடுதிகள் எழுந்தன. கதியற்றவர்களுக்கு அங்கே கஞ்சியும் படுக்கையும் கிடைக்கும்; பதிலுக்கு உழைக்க வேண்டும். அநாதைகளும் கைவிடப்பட்ட குழந்தைகளும் அங்கேயோ, அதைச் சார்ந்த பெரிய பள்ளிகளிலோ வளர்ந்தார்கள்.

பையன்களுக்குத் தொழில், படை, கப்பல் என்று சில வழிகள் இருந்தன. பெண்களுக்குப் பெரும்பாலும் ஒரே வழி: வீட்டு வேலை. 13, 14 வயதில் அவளை ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்த்தால் நிர்வாகத்தின் இரண்டு கவலைகள் ஒரே நாளில் தீர்ந்தன. அவளுக்குப் பிழைப்பும் கிடைத்தது, படுக்க இடமும் கிடைத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலையில் இருந்த நாடு அது. மலிவான பணிப்பெண்ணுக்கு எப்போதும் தேவை இருந்தது.

வேலையும் கூரையும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும்? வேலை போனால் வீடும் போகும். அடித்தாலும் பட்டினி போட்டாலும், வீட்டு ஆண் அத்துமீறினாலும், வெளியேறுவது என்றால் தெருவுக்குப் போவது என்றே பொருள். சம்பளம் வாங்கித் தன் வீட்டுக்குத் திரும்பும் தொழிலாளிக்கு முதலாளியிடமிருந்து தப்பிக்க இரவாவது இருக்கிறது. முதலாளியின் வீட்டிலேயே தூங்கும் சிறுமிக்கு இரவும் இல்லை.

லண்டனில் ஒரு வேலைவிடுதியிலிருந்து வழக்கறிஞர் ஜார்ஜ் ஸ்லோன் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட ஜேன் வில்பிரெட் என்ற பதின்ம வயதுப் பெண்ணின் வழக்கு இதை ஊருக்குக் காட்டியது. ஸ்லோனும் அவர் மனைவியும் அவளைப் பட்டினி போட்டு, அடித்து, எலும்பும் தோலுமாக்கியிருந்தார்கள். 1851இல் இருவரும் சிறைக்குப் போனார்கள். அதே ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: வேலைவிடுதியிலிருந்து வேலைக்கு அனுப்பப்படும் 16 வயதுக்கு உட்பட்டவர்களை அதிகாரி ஆண்டுக்கு இரண்டு முறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை. மற்ற நாட்களில் அவள் எஜமானியின் குணத்தை நம்பி வாழ வேண்டும். 16 வயதைத் தாண்டினால் அந்தப் பார்வையும் கிடையாது.

பின்தொடர்ந்து போன பெண்

1873இல் உள்ளாட்சி வாரியத்தின் தலைவர் ஜேம்ஸ் ஸ்டான்ஸ்ஃபெல்ட் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். ஏழைப் பள்ளிகளில் சிறுமிகள் எப்படி வளர்க்கப்படுகிறார்கள் என்பதை ஆராய ஒரு பெண்ணை நியமித்தார். அவர் ஜேன் நாசோ சீனியர். மறு ஆண்டு அவரது பதவி நிரந்தரமாக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசுப் பணியின் உயர்நிலையில் அமர்ந்த முதல் பெண் அவர். 1834ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடிப்படையாக அமைந்த அறிக்கையை எழுதியவர்களில் ஒருவர் அவருடைய மாமனார் என்பது வரலாற்றின் வேடிக்கை. மாமனார் வகுத்த ஏற்பாட்டின் விளைவை மருமகள் ஆராயப் போனார்.

அதுவரை ஆய்வாளர்கள் பள்ளிக்குப் போவார்கள், வகுப்பைப் பார்ப்பார்கள், கணக்கைப் பார்ப்பார்கள், திரும்பிவிடுவார்கள். சீனியர் அத்துடன் நிற்கவில்லை. பள்ளியை விட்டு வேலைக்குப் போன நூற்றுக்கணக்கான சிறுமிகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று, தோழிகளின் துணையுடன் தேடினார். ஒரு பள்ளியின் தரத்தை அதன் கட்டடத்துக்குள் அளக்க முடியாது, அங்கிருந்து போன பெண்ணின் வாழ்க்கையில்தான் அளக்க முடியும் என்பது அவர் கணக்கு. இன்றைக்கு இது எளிய விஷயமாகத் தெரியலாம். ஆனால், இன்றும் எத்தனை இல்லங்களிடம் பத்து ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய பெண்களைப் பற்றிய பதிவேடு இருக்கும்?

1874இல் அவர் அளித்த அறிக்கை கசப்பானது. பெரிய பள்ளிகளில் கூட்டமாக வளர்ந்த சிறுமிகளுக்குத் தாயன்பு கிடைக்கவில்லை, வாழ்க்கைக்கு அவர்கள் தயாராகவில்லை என்றார். சிறிய இல்லங்களும், அநாதைகளுக்கு வளர்ப்புக் குடும்பங்களும் வேண்டும் என்றார். வேலைக்குப் போன பின்னும் அவர்களைக் கவனிக்க ஆள் வேண்டும் என்றார். முன்னாள் ஆய்வாளர் எட்வர்ட் டஃப்னெல் அறிக்கையைக் கடுமையாகத் தாக்கினார். சீனியருக்கு உடல்நிலை மோசமானது. 1874இன் இறுதியில் பதவி விலகினார். 1877இல் 48 வயதில் இறந்தார்.

இறப்பதற்கு முன் அவர் தொடங்கி வைத்தது இளம் பணிப்பெண்களுக்கான தோழமைச் சங்கம். சங்கத்தின் பெண்கள், வேலையில் இருக்கும் சிறுமிகளைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். ஒரு வேலை போய் இன்னொரு வேலை கிடைக்கும்வரை தங்குவதற்கு விடுதிகள் நடத்தினார்கள். வேலை இல்லாத நாளிலும் இந்தப் பெண்ணுக்குக் கூரை வேண்டும் என்பதை அந்த விடுதிகள் ஒப்புக்கொண்டன. வேலையையும் கூரையையும் பிரித்த முதல் முயற்சிகளில் ஒன்று அது.

ஆனாலும் பெண்ணியப் பார்வையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வந்து நலம் விசாரித்த சீமாட்டிகளின் வீடுகளிலும் பணிப்பெண்கள் இருந்தார்கள். நல்ல பணிப்பெண் கிடைப்பது அவர்களுக்கும் வேண்டியிருந்தது. இந்தப் பெண்கள் வேலைக்காரிகளாக அல்லாமல் வேறு எப்படி வாழலாம் என்று அந்தச் சங்கம் கேட்கவில்லை. சகோதரித்துவம் வர்க்கத்தின் வாசற்படியில் நின்றுவிட்டது.

கடல் கடந்த தீர்வு

அதே காலத்தில் இன்னொரு பெண், இதைவிடப் பெரிய தீர்வு ஒன்றைச் சொன்னார். மரியா ரை லண்டனின் தொடக்ககாலப் பெண்ணுரிமை வட்டத்தைச் சேர்ந்தவர். பெண்களுக்கு வேலை தேடித் தரவும், நடுத்தர வர்க்கப் பெண்கள் வெளிநாடு போய்ப் பிழைக்கவும் வழி செய்தவர். 1869இல் அவர் வேலைவிடுதிகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் சேர்த்த சிறுமிகளைக் கப்பலேற்றிக் கனடாவுக்குக் கொண்டு போனார். நயாகரா அருகே ஓர் இல்லத்தில் இறக்கி, அங்கிருந்து குடும்பங்களுக்கு அனுப்பினார். பெரும்பாலோருக்குக் காத்திருந்தது அதே வீட்டு வேலை. வித்தியாசம் ஒன்றுதான்: இப்போது ஓடிப்போவதற்கு ஊரும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை.

1875இல் ஆய்வாளர் ஆண்ட்ரூ டாயில், இந்தக் குழந்தைகளைப் போய்ப் பார்ப்பாரே இல்லை என்று அறிக்கை தந்தார். வேலைவிடுதிக் குழந்தைகளை அனுப்புவது சில ஆண்டுகள் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. டாக்டர் பர்னார்டோவின் நிறுவனம் உட்படப் பல அமைப்புகள் இதில் இறங்கின. அடுத்த பல பத்தாண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் கனடாவுக்கு மட்டும் அனுப்பப்பட்டார்கள். பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். 2010இல்தான் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

மரியா ரையைக் கொடுமைக்காரி என்று ஒதுக்கிவிடுவது எளிது. பெண்ணுக்கு வேலை கிடைத்தால் விடுதலை கிடைத்துவிடும் என்று அவர் மனதார நம்பினார். வேலையை மறுக்கும் உரிமை இல்லாதவளுக்கு வேலை விடுதலை ஆகாது என்பது அவர் கண்ணில் படவில்லை. அந்தச் சிறுமிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

'தரலாம்'

1944 ஜூலையில் மார்ஜரி ஆலன் என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர் டைம்ஸ் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். இல்லங்களில் இருக்கும் குழந்தைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, பொது விசாரணை வேண்டும் என்றார். கடிதங்கள் குவிந்தன. 1945 ஜனவரியில் 12 வயது டெனிஸ் ஓநீல், வளர்ப்புக் குடும்பத்தின் பண்ணையில் அடித்துக் கொல்லப்பட்டான். அரசு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் ஒரு பெண்: மைரா கர்டிஸ். சுமார் 1,25,000 குழந்தைகளின் நிலையை அந்தக் குழு ஆராய்ந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் குழந்தைகளுக்கென்று ஓர் அதிகாரி வேண்டும் என்று 1946இல் பரிந்துரைத்தது. அந்த அதிகாரியைக் குறிக்கும்போது 'அவள்' என்றே எழுதியது. ஆண்களை விலக்குவதற்காக அல்ல, இதற்குத் தகுந்தவர்களில் பலர் பெண்களாக இருப்பார்கள் என்பதால் என்று காரணமும் சொன்னது.

அதிலிருந்து பிறந்தது 1948ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். பராமரிப்பில் இருந்து வெளியேறுவோரின் தங்குமிடத்தைப் பற்றி அது பேசியது. 21 வயதுவரை தங்குவதற்கு உள்ளாட்சிகள் விடுதி நடத்தலாம். 18 வயதைக் கடந்தவர்களுக்குப் பண உதவி தரலாம் என்றது.

நடத்தலாம். தரலாம். தமிழில் இந்த 'லாம்' மிகச் சிறிய விகுதி. சட்டத்தில் அது ஒரு பெண்ணின் இரவைத் தீர்மானிக்கிறது. 'தர வேண்டும்' என்றால் அவள் கேட்டு வாங்கலாம், மறுத்தால் நீதிமன்றம் போகலாம். 'தரலாம்' என்றால் அதிகாரிக்கு மனமும் அலுவலகத்தில் பணமும் இருக்க வேண்டும். அடுத்த அரை நூற்றாண்டு இந்த 'லாம்'இல் கழிந்தது. நல்ல அதிகாரி வாய்த்த ஊரில் பெண்ணுக்கு அறை கிடைத்தது. வாய்க்காத ஊரில் ஒரு வாடகை அறையின் சாவியும் வாழ்த்தும் கிடைத்தன.

கர்ப்பம் என்னும் தகுதி

இதற்குள் இங்கிலாந்தில் வீட்டோடு தங்கி வேலை செய்யும் வழக்கம் மறைந்துகொண்டிருந்தது. வேலைக்காரியின் படுக்கை போனது. அந்த இடத்தில் வேறொரு படுக்கை வரவில்லை. 1977இல் வீடற்றோருக்கான சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் யாருக்கு முன்னுரிமை தந்து வீடு ஒதுக்க வேண்டும் என்று அது பட்டியலிட்டது. சிறு குழந்தைகள் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பட்டியலில் இருந்தார்கள். பராமரிப்பிலிருந்து வெளியேறிய, தனித்து நிற்கும் இளம்பெண் அதில் இல்லை.

சட்டம் எழுதியவர்களின் நோக்கம் நல்லது: குழந்தை தெருவில் நிற்கக் கூடாது. ஆனால், 18 வயதுப் பெண்ணின் பக்கம் நின்று அந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். தனி மனுஷியாக அவளுக்கு வீட்டில் உரிமை இல்லை. வயிற்றில் பிள்ளை இருந்தால் உண்டு. தாயாகும்போது மட்டும் அவள் அரசின் கண்ணுக்குத் தெரிகிறாள்.

1988இல் நிலைமை மேலும் மோசமானது. 16, 17 வயதினரில் பெரும்பாலோருக்கு அரசு வாழ்க்கை உதவித்தொகையை நிறுத்தியது. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தொகையைக் குறைத்தது. இளையவர்கள் பெற்றோருடன்தான் இருப்பார்கள் என்பது அதன் அனுமானம். பெற்றோர் வீடு இல்லாத பிள்ளைகளையே பெற்ற பிள்ளைகளாகப் பொறுப்பேற்றிருந்த அரசு, அவர்களையே மறந்துவிட்டுப் போட்ட கணக்கு அது.

1992இல் ஆளும் கட்சி மாநாட்டில் அமைச்சர் பீட்டர் லில்லி, வீட்டு வரிசையில் முந்துவதற்காகவே கர்ப்பமாகும் இளம்பெண்கள் என்று கேலிப்பட்டியல் வாசித்தார். அரங்கம் சிரித்தது. கர்ப்பத்தைத் தகுதியாக்கிய சட்டத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை; பழி பெண்ணின் மேல் விழுந்தது. பெண்ணுக்கு ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதன் வழியே வந்தவளை நடத்தை கெட்டவள் என்பது எல்லா நாட்டிலும் நடக்கும் பழைய வேலை.

'தர வேண்டும்'

மாற்றத்துக்காகப் பராமரிப்பில் வளர்ந்தவர்களே குரல் கொடுத்தார்கள். 1979இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் அமைத்தார்கள். உதவி பெறுபவர்களாக அல்லாமல் உரிமை கேட்பவர்களாகப் பேசினார்கள். ஆய்வாளர்களும் வெளியேறியவர்களைத் தேடிப் போய், வீடு, வேலை, தனிமை பற்றி அவர்களிடமே கேட்டு எழுதத் தொடங்கினார்கள். சீனியர் நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த அதே வேலை.

2000ஆம் ஆண்டின் பராமரிப்பிலிருந்து வெளியேறுவோர் சட்டம் 'லாம்'ஐப் பல இடங்களில் 'வேண்டும்' ஆக்கியது. 16, 17 வயதில் வெளியேறுபவர்களுக்கு உள்ளாட்சி தங்குமிடம் தர வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகரும் எழுதப்பட்ட வாழ்க்கைத் திட்டமும் இருக்க வேண்டும். கல்லூரியில் படிப்பவருக்கு விடுமுறையில் தங்க இடம் இல்லாவிட்டால் அதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். செமஸ்டர் முடிந்து விடுதியைப் பூட்டும் நாளில் எல்லோரும் ஊருக்குப் பெட்டி கட்டும்போது, கட்டுவதற்குப் பெட்டி இருந்தும் போவதற்கு ஊர் இல்லாத மாணவியை அந்தச் சட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறது. 2002இல் வந்த ஆணை, பராமரிப்பில் இருந்த 18 முதல் 20 வயதுவரையிலானவர்களை வீட்டு முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. முதல் முறையாக, கையில் குழந்தை இல்லாமலேயே அந்தப் பெண் பட்டியலில் ஏறினாள்.

சட்டம் வந்தாலும் குறுக்கு வழிகள் இருந்தன. வீடற்று வந்த 16, 17 வயதினரைக் குழந்தைகள் துறை ஏற்காமல் வீட்டுவசதித் துறைக்குத் தள்ளிவிடும். பராமரிப்பில் இருந்ததாகக் கணக்கில் வராததால் பின்னாளைய உரிமைகளும் அவர்களுக்குக் கிடைக்காது. 2009இல் லண்டனின் சதக் உள்ளாட்சிக்கு எதிராக 17 வயது இளைஞர் ஒருவர் தொடுத்த வழக்கில் இந்தக் குறுக்கு வழி அடைபட்டது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் பிரெண்டா ஹேல், அன்றைய உச்ச நீதிபீடத்தின் ஒரே பெண். இருக்க இடமில்லாத பிள்ளை வெறும் வீட்டுப் பிரச்சினை ஆகாது, அவர் ஒரு குழந்தை, குழந்தைகள் துறைதான் பொறுப்பு என்பது அதன் சாரம்.

2014இல் வளர்ப்புக் குடும்பமும் பிள்ளையும் விரும்பினால் 21 வயதுவரை அங்கேயே இருக்க வழி வந்தது. இல்லங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சட்டம் அதே உரிமையைத் தரவில்லை. 2017இல் ஆலோசகரின் துணை 25 வயதுவரை நீண்டது. 2023இல் புது வீட்டில் கட்டில், பாத்திரம் வாங்கும் உதவித்தொகை 2,000 பவுண்டிலிருந்து 3,000 பவுண்டாக உயர்ந்தது. எல்லாம் தீர்ந்துவிடவில்லை. வாடகை வீட்டுக்காரர்கள் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார்கள். அப்பா அம்மா இல்லாதவளுக்கு யார் போடுவார்கள்? இருந்தும் ஒன்று மாறியிருக்கிறது. அவள் இப்போது கேட்பது தயவு அல்ல.

நம் ஊர்ச் சட்டத்தில்

1920இல் இந்தியாவிலேயே முதலாவதாக வந்த மதராஸ் குழந்தைகள் சட்டம், இங்கிலாந்தின் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு நாம் எங்கே நிற்கிறோம்? 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, 18 வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறுபவரைப் பற்றிப் பேசுகிறது. அவருக்குப் பண உதவி 'வழங்கப்படலாம்' என்கிறது. இங்கிலாந்து 1948இல் எழுதி, அரை நூற்றாண்டு பட்டு, பிறகு திருத்திய அதே 'லாம்'.

அந்த 'லாம்' விட்ட இடைவெளியை நம் சமூகம் எதைக் கொண்டு நிரப்புகிறது? இல்லத்தில் வளர்ந்த பெண்ணுக்கு அதிகாரிகளே முன்னின்று மணம் முடித்து வைத்தார்கள் என்ற செய்தியை நாம் படித்திருக்கிறோம். பட்டுப்புடவை, சீர்வரிசை, அட்சதை தூவும் பெரிய மனிதர்கள் என்று புகைப்படம் அழகாக இருக்கும். அன்பினால் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பெண் விரும்பி மணந்தால் மகிழ்ச்சி. ஆனால், அவளுக்கு அன்று வேறு எந்தக் கதவு திறந்திருந்தது? தனக்கென ஒரு வாடகை அறை, இரண்டு ஆண்டுப் படிப்பு, பிறகு யோசிக்கலாம் என்று சொல்லும் வசதி இருந்து, அதன்பின் அவள் சரி என்றாளா? வேறு இடம் இல்லாததால் சரி என்றவளுக்கு, புருஷன் கை நீட்டும் இரவில் போகப் பிறந்த வீடும் கிடையாது. ஜேன் வில்பிரெட்டுக்கு எஜமானர் வீடு எப்படியோ, அவளுக்குக் கணவன் வீடு அப்படி.

நம்மில் பலருக்குப் பிறந்த வீடு சண்டையும் கட்டுப்பாடும் நிறைந்த இடம்தான். ஆனாலும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போக அது இருக்கிறது. அந்தத் திரும்பிப் போகும் இடத்தைத்தான் இல்லத்தில் வளர்ந்த பெண்ணுக்கு அரசு தர வேண்டும். வேலைக்காகவும் அல்ல, கல்யாணத்துக்காகவும் அல்ல, பிள்ளைக்காகவும் அல்ல, அவளை வளர்த்தது அரசு என்பதற்காக.

46ஆவது பிரிவில் மாற வேண்டியது ஒரு சொல். அதை மாற்றச் சொல்லும் கோரிக்கை பெண்கள் இயக்கங்களின் பட்டியலில் இன்னும் மேலே வர வேண்டும். அதற்குக் காத்திருக்காமல் இன்றே தொடங்கக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. உங்கள் ஊரில் பெண் குழந்தைகளுக்கான இல்லம் இருந்தால் அங்கே போய், கடந்த ஐந்து ஆண்டுகளில் 18 வயது முடிந்து வெளியே போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.